ஒட்டுண்ணியின் நொதியமும் உறக்கநோயின் மருந்தும்

உயிர்க்கலங்களில் நிகழும் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள் நொதியங்கள் எனப்படும். ஒட்டுண்ணிக்கு இன்றியமையாத நொதியமொன்றைத் தடைசெய்யின் அது மடியும். ஆயின், அதே நொதியம் நோயாளியின் உடலிலும் இருப்பின், அவனைக் காத்து ஒட்டுண்ணியை மட்டும் அழிப்பது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு ஆபிரிக்க உறக்கநோய் விடை பகர்கின்றது. செற்சி ஈ கடிப்பதனாற் குருதியிற் புகும் திரிப்பனசோமா என்னும் ஒட்டுண்ணி, நாளடைவில் மூளையையும் தாக்கும். அந்நிலையில், 1949 முதல் வழங்கப்பட்ட மெலார்சோப்புரோல் என்னும் ஆசனிக்கு மருந்து, அதனைப் பெற்றோருள் ஏறத்தாழ 100 பேருக்கு 5 பேரின் உயிரையே கவர்ந்தது.

கலங்கள் பெருகுவதற்கு வேண்டிய பொலியமீன்களை ஆக்குவதற்கு ஓர்னிதீன் டிகாபொட்சிலேசு என்னும் நொதியம் உதவுகின்றது. அது மனிதனிடத்தும் ஒட்டுண்ணியிடத்தும் உண்டு. 1990 இல் ஐக்கிய அமெரிக்காவில் இந்நோய்க்கென அங்கீகரிக்கப்பட்ட எப்ளோர்னிதீன், அந்நொதியத்தோடு மீளாது பிணைந்து அதனைச் செயலறச் செய்யும். மனிதக் கலத்தில் இந்நொதியம் விரைவிற் சிதைந்து, விரைவிற் புதிதாக ஆக்கப்படும்; ஆதலின் இழப்பு ஈடுசெய்யப்படும். மேற்கு, மத்திய ஆபிரிக்காவிற் காணப்படும் காம்பிய வகை ஒட்டுண்ணியிலோ அது நெடுநேரம் நிலைப்பது. புதியது மெல்லவே தோன்றும். இதனிடையே ஒட்டுண்ணியின் பெருக்கம் தடைப்பட, உடலின் எதிர்ப்பாற்றல் அதனை அழித்துவிடும். கிழக்கு ஆபிரிக்காவின் ரொடீசிய வகையில் நொதியம் விரைவிற் புதுப்பிக்கப்படுதலின், இம்மருந்து ஆங்குப் போதிய பயன் தருவதில்லை.

ஆகவே, மருந்தின் இலக்கு மனிதனிடத்தில் இல்லாத நொதியமாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. இருவர்க்கும் பொதுவான நொதியத்தின் வாழ்நாள் வேற்றுமையே நோயாளியின் உயிரைக் காக்கப் போதியதாகும்.