கரைந்து மறைந்த பொன்

பொன்னுக்கு அழிவில்லை என்பது நெடுநாளைய நம்பிக்கை. அது காற்றில் கறுப்பதில்லை, நீரில் துருப்பிடிப்பதில்லை. நைட்ரிக் அமிலத்தில் இட்டாலும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டாலும் அசையாது கிடக்கும். ஆயினும், பின்னதில் மூன்று பங்கும் முன்னதில் ஒரு பங்கும் கலந்த இராஜ திராவகத்தில் அதே பொன் கரைந்துவிடுகிறது.

தனித்தனியே இயலாதது, கூடினால் எவ்வாறு இயல்கிறது? மாணவனாயிருந்த காலத்தில், இரு அமிலங்களின் வலிமையும் ஒன்றாகத் திரள்கிறது என்றே நான் எண்ணியிருந்தேன். அது தவறு. நைட்ரிக் அமிலம் பொன் அணுவிடமிருந்து மூன்று எலெக்ட்ரான்களைப் பறித்து அதனை அயனியாக்கும். ஆனால் அணுவளவே அவ்வாறு கரையும். உடனே வினை நின்றுவிடும். அங்கேதான் குளோரைடு அயனிகள் துணைக்கு வருகின்றன. நான்கு குளோரைடுகள் சேர்ந்து ஒரு பொன் அயனியை வளைத்துப் பற்றிக்கொள்கின்றன. கரைசலில் தனித்த பொன் அயனி அருகிப்போகவே, நைட்ரிக் அமிலம் மீண்டும் பறிக்கத் தொடங்குகிறது. ஒன்று பறிக்க மற்றொன்று ஒளித்து வைக்க, கட்டிப் பொன் ஆரஞ்சு மஞ்சள் நிற நீராகிறது. அதுவே குளோரோ ஆரிக் அமிலம்.

இந்த ஒளித்துவைத்தல் வெறும் உவமையன்று. 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனுள் நுழைந்தது. நீல்ஸ் போரின் ஆய்வுக்கூடத்தில் அப்போது ஜெர்மானிய விஞ்ஞானிகள் மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் ஆகியோரின் நோபெல் பதக்கங்கள் இருந்தன. ஜெர்மனியிலிருந்து பொன்னை வெளியே அனுப்புவது கடுங்குற்றம். பதக்கங்களிலோ உரியவர் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஃபிராங்க் முன்னரே நாட்டைவிட்டு வெளியேறிவிட்டார். லாவேயோ ஜெர்மனியிலேயே இருந்தார். பதக்கம் அகப்பட்டால் அவர் கதி என்னாகும்!

மண்ணில் புதைக்கலாம் என்றார் ஹெவெசி என்னும் ஹங்கேரிய வேதியியலார். தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று போர் அஞ்சினார். எனவே ஹெவெசி அவற்றை இராஜ திராவகத்தில் இட்டார். பொன் எளிதில் கரையவில்லை. அந்த வேலை வெகுநேரம் பிடித்தது. வீதிகளில் படை நடக்க, உள்ளே அவர் குடுவையைக் காத்து நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள்!

படையினர் ஆய்வுக்கூடத்தைச் சோதித்தனர். அலமாரியிலிருந்த நிறநீரை எவரும் பொருட்படுத்தவில்லை.

பொன்னை மீட்பது அத்துணைக் கடினமன்று. குளோரைடின் பிடியிலிருந்தாலும் பொன் எலெக்ட்ரானுக்கு ஏங்கியே நிற்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் அன்னபேதியை, அதாவது பெரஸ் சல்பேட்டைச் சேர்த்தால், இரும்பு தன் எலெக்ட்ரானை ஈந்துவிடும். பொன் பழுப்புத் தூளாகப் படியும். அது பொன் என்று முதலில் நான் நம்பவே இல்லை. உருக்கிய பின்னரே மஞ்சள் ஒளி தோன்றியது.

போர் முடிந்து ஹெவெசி திரும்பியபோது குடுவை வைத்த இடத்திலேயே இருந்தது. பிரித்தெடுத்த பொன் ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பப்பட்டு, அதே பொன்னில் பதக்கங்கள் மீண்டும் வார்க்கப்பட்டன. 1952-இல் ஃபிராங்க் தம் பதக்கத்தை இரண்டாம் முறையாகப் பெற்றுக்கொண்டார்.