ஈவுத்தொகையும் வட்டியும் ஒன்றா?

திருவள்ளூரை அடுத்த மேல்நல்லாத்தூர் வழியே செல்வோர் அங்குள்ள கேட்டர்பில்லர் தொழிற்சாலையை அறிவர். மண் அகழும் இயந்திரங்கள் செய்வதற்காக இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1970களில் நடத்தத் தொடங்கிய ஆலை அது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனத்தின் கைக்கு மாறியது. சுரங்கங்களில் ஓடும் யானை போன்ற டம்பர் வண்டிகள் அங்கிருந்து புறப்படுகின்றன. அங்கும், வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் உழைத்துச் சேமிக்கும் நம் பிள்ளைகளில் சிலர் அப்பணத்தைப் பங்குகளில் இடத் தொடங்கியுள்ளனர். வீட்டுப் பெரியவர்களோ, "உட்கார்ந்த இடத்தில் தவறாமல் பணம் வருகிறதே, இது வட்டி ஆகாதா?" என்று கேட்கின்றனர். மார்க்கப் பேணுதலில் பிறந்த இக்கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது.

அந்நிறுவனத்தையே எடுத்துக்கொள்வோம். (அதன் இந்தியக் கிளை தனியார் நிறுவனமாதலால் அதன் பங்குகள் நம் நாட்டுச் சந்தையில் விற்கப்படுவதில்லை, தாய் நிறுவனத்தின் பங்குகள் அமெரிக்கச் சந்தையில் உள்ளன.) 1925இல் தோன்றிய அந்நிறுவனம் 1933 முதல் மூன்று மாதத்திற்கொரு முறை ஈவுத்தொகை வழங்கி வருகிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அத்தொகை உயர்ந்தே வந்துள்ளது. 2025ஆம் ஆண்டில் ஒரு பங்குக்கு 1.41 டாலராக இருந்த காலாண்டு ஈவு 1.51 டாலராயிற்று. இத்துணை ஒழுங்காக வருவது வட்டியைப் போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயினும் தோற்றம் வேறு, தன்மை வேறு. கடன் கொடுத்தவனுக்கு, கடன் பெற்றவன் வென்றாலும் வீழ்ந்தாலும் வட்டி வந்தாக வேண்டும். வணிகத்தை ஆகுமாக்கிய இறைமறை விலக்கியது இதைத்தான். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நபித்துவத்துக்கு முன் அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்கை ஷாம் தேசத்துக்குக் கொண்டு சென்றார்கள் அல்லவா? முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, இலாபத்தில் இருவருக்கும் பங்கு. முளாரபா எனும் இம்முறையில் நட்டம் வந்தால் முதல் இட்டவர் தம் முதலை இழப்பார், உழைத்தவர் தம் உழைப்பை இழப்பார்.

ஈவுத்தொகை இந்தப் பக்கத்தைச் சார்ந்தது என்பதற்கு அந்நிறுவனத்தின் வரலாறே சான்று. 1982 முதல் 1984 வரை மூன்றாண்டுகள் அது பெருநட்டம் கண்டபோது ஈவு குறைக்கப்பட்டது. கடன்காரனாயின் வழக்காடியிருப்பான், பங்குதாரன் வாய் திறக்க வழியில்லை. கூட்டாளிக்கு அதுவே நிலை.

"2016இலும் அதற்கு 6.7 கோடி டாலர் நட்டமாயிற்றே, அப்போது மட்டும் ஒரு பங்குக்கு 3.08 டாலர் எங்கிருந்து வந்தது?" என்று நீங்கள் கேட்கலாம். முந்தைய ஆண்டுகளில் பங்கிடாது ஒதுக்கிவைத்த இலாபத்திலிருந்து வந்தது. அதுவும் பங்குதாரர்களின் பொருளே. நம் நாட்டின் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும் இவ்வாண்டு இலாபத்திலிருந்தோ சேர்ந்திருக்கும் இலாபத்திலிருந்தோதான் ஈவு தரலாம் என்கிறது. முதலை எடுத்து இலாபமென்று பங்கிடலாகாது. முதல் காக்கப்பட்ட பின்னரே இலாபம் என்னும் ஃபிக்ஹு விதியோடு இது பொருந்திப் போவதைக் காண்க. இன்ன விழுக்காடு தருவோம் என முன்னரே உறுதி கூறும் முன்னுரிமைப் பங்குகளின் கதையோ வேறு. ஜித்தாவிலுள்ள இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை 1992இல் அவற்றைக் கூடாதெனத் தீர்மானித்தது.

சுரங்கத் தொழில் சரிந்த அந்நாட்களில்தான், 2015 செப்டம்பரில், பத்தாயிரம் பேர்வரை வேலையிழக்கக்கூடும் என அந்நிறுவனம் அறிவித்தது. ஈவு குறையவில்லை, ஆட்கள் குறைந்தனர். ஈவு ஹலாலா என்பது ஒரு கேள்வி. கூட்டாகச் சுமக்க வேண்டிய நட்டத்தின் பாரம் யார் தோளில் ஏற்றப்பட்டது என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்வியிலேயே நாம் நின்றுவிடுகிறோமோ என எனக்கு ஓர் ஐயம்.

இனி நுட்பமான இடத்துக்கு வருவோம். இயந்திரம் வாங்குவோருக்குக் கடன் கொடுத்து வட்டி பெறும் துணை நிறுவனமொன்று கேட்டர்பில்லருக்கு உண்டு. 2024இல் மொத்த வருவாய் ஏறத்தாழ 6,480 கோடி டாலர். அதில் நிதிப் பிரிவின் வருவாய் சுமார் 344 கோடி, அதாவது நூற்றுக்கு 5.3. முந்தைய ஆண்டில் அது ஐந்துக்குச் சற்றுக் குறைவு. இதில் இயந்திர வாடகையும் கலந்திருப்பதால் அனைத்தும் வட்டியன்று. பஹ்ரைனை இருப்பிடமாகக் கொண்ட இஸ்லாமிய நிதித்தர அமைப்பு, ஆகாத வருவாய் நூற்றுக்கு ஐந்தை மீறாதிருத்தல், வட்டிக்கடன் சந்தை மதிப்பில் முப்பது விழுக்காட்டைத் தாண்டாதிருத்தல் முதலிய நிபந்தனைகளோடு சலுகை தருகிறது. ஆகாத பகுதியை ஈவிலிருந்து பிரித்து, நன்மையை எதிர்பாராது ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஜித்தா பேரவையோ, சில வேளைகளில் வட்டியோடு உறவாடும் நிறுவனத்தின் பங்கும் அடிப்படையில் ஆகாதென்றே கூறிற்று. கோட்டின் மேல் நிற்கும் இத்தகைய பங்கில் பேணுதல் உடையோர் விலகிக்கொள்வர்.

வட்டி மட்டுமா பார்க்கத்தக்கது? பாலஸ்தீனியரின் உடைமைகளை இடிக்க இந்நிறுவனத்தின் புல்டோசர்கள் பயன்படுகின்றன என்பதைக் காரணங்காட்டி, நார்வே நாட்டின் அரசு ஓய்வூதிய நிதி 2025 ஆகஸ்டில் இப்பங்குகளைக் கைவிட்டது. முஸ்லிமல்லாத ஒரு நாட்டின் கணக்கர்கள் எழுப்பிய கேள்வி நம் வீட்டுத் திண்ணைகளில் எழாதிருப்பது அழகன்று.

ஸகாத் பற்றியும் கேட்கிறீர்கள். விற்று இலாபம் காணும் நோக்கில் வாங்கிய பங்காயின் ஆண்டு நிறைவில் சந்தை மதிப்பில் இரண்டரை விழுக்காடு. ஈவுக்காகவே வைத்திருப்பின், கைக்கு வந்த ஈவின் மீது ஓராண்டு கடந்தபின் இரண்டரை விழுக்காடு என்பது அப்பேரவையின் 1988ஆம் ஆண்டுத் தீர்மானம். நிறுவனத்தின் ஸகாத்துக்குரிய பொருள்களைக் கணக்கிட முடியுமாயின் அதில் தம் பங்கின் அளவுக்குக் கொடுப்பதே முறை எனவும் அத்தீர்மானம் சொல்கிறது. ஷாஃபிஈ, ஹனஃபீ உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டாதலால் உங்கள் ஜமாஅத் ஆலிமை அணுகுங்கள்.

இறுதியாக ஒன்று. உங்கள் தந்தையார் என்றோ வாங்கிய உள்நாட்டுப் பங்குப் பத்திரங்கள் பீரோவில் உறங்குகின்றனவா? ஏழாண்டுகள் கேட்பாரற்ற ஈவு, முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும்; தொடர்ந்து ஏழாண்டுகள் ஈவு பெறப்படாவிடில் பங்குகளும் அங்கே போய்ச் சேரும். உரிய சான்றுகளோடு விண்ணப்பித்தால் வாரிசுகள் இரண்டையும் மீட்கலாம். அவ்வாறு மீட்டது மூத்த மகனுக்கு மட்டும் உரியதன்று. மணமாகிப் போன பெண்மக்களுக்கும், இருப்பின் பாட்டனார் பாட்டியார்க்கும், தாயாருக்கும் ஃபராயிள் சட்டப்படி அதில் பங்குண்டு.