கொதிக்க வைத்துப் பார்த்த பிளைவுட்

சமையலறைக்கு அலமாரி அடிக்கப் போகும் சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன். மைக்கா கலர் தேர்ந்தெடுக்க மட்டும் நம்மைக் கூப்பிடுவார்கள். உள்ளே என்ன பலகை என்பதை வீட்டு ஆண்களும் கான்டிராக்டருமே பேசி முடித்துவிடுவார்கள். தினம் நூறு தடவை அந்தக் கதவைத் திறந்து மூடுவது யாராம்?

ராசிபுரத்தில் என் தங்கை, சீட்டு எடுத்த பணத்தில் சமையலறை முழுக்க அலமாரி செய்தாள். மூன்றாம் வருஷம் சிங்க் அடியில் இருந்த கதவு கீலோடு கழன்று கையில் வந்தது. அடிப்பலகை ஊறி ஏடு ஏடாகப் பிரிந்து, சுவரோரம் கரையான் மண் கோடு இழுத்திருந்தது. "பிளைவுட்தானுங்க போட்டோம்" என்றார் செய்து கொடுத்தவர். பில்லிலும் 'பிளைவுட்' என்று ஒற்றை வார்த்தைதான். அப்புறம் எதை வைத்துச் சண்டை போடுவது?

அதனால் நாமக்கல்லில் என் நாத்தனார் வீடு கட்டியபோது, இரண்டு பேருமே கடைக்குப் போனோம். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 303 என்று இருந்தால் பொது உபயோகத்துக்கு. அதிலேயே ஈரப்பதத்தை மட்டும் தாங்குவது ஒன்று, கொதிநீர் தாங்குவது ஒன்று என்று விற்கிறார்கள். 710 என்றால் மரைன். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடக்கூடாது என்பது விதி. முத்திரைக்குக் கீழே உள்ள லைசென்ஸ் நம்பரை, 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று தெரிந்துவிடும்.

"முத்திரையை யார் வேணும்னாலும் குத்தலாமே அண்ணி" என்றாள் நாத்தனார். கடைக்காரரிடம் மூன்று ரகத்திலும் உள்ளங்கை அளவு துண்டு கேட்டு வாங்கி வந்து, பழைய பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினாள். (சமைக்கிற பாத்திரம் வேண்டாம், பசை நாற்றம் போகாது.) மத்தியானத்துக்குள் விலை குறைந்த துண்டு புத்தகம் மாதிரி விரிந்துவிட்டது. மற்ற இரண்டும் சாயங்காலம் வரை அசையவில்லை. ஒரு பகல் கொதித்தது 72 மணி நேரத்துக்குச் சமம் இல்லைதான், ஆனால் மட்டமானது தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம். நம் பக்கம் தோட்டங்களில் வளர்க்கும் மலைவேம்பு பிளைவுட்டுக்குப் போகிறது. ஏற்காடு காபித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கும் அப்படியே. மலைவேம்பு என்றதும் நம் வேம்பின் கசப்பு அதில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம், அது வேறு மரம்.

நிஜ வேம்பு சட்டத்துக்கு நல்லது. ஆனால் வைரம் பாய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். வெளிறிய ஓரப்பகுதி சீக்கிரம் உளுத்துவிடும். அறுத்த உடனே அடிக்காமல், நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கி மாசக்கணக்கில் காய விடணும். இல்லாவிட்டால் நம் ஊர் சித்திரை வெயிலில் முறுக்கிக்கொள்ளும். அகலமான கதவுக்கு பிளைவுட்தான் சரி. ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அவ்வளவு வளையாது.

"தண்ணி தாங்குறது வேற, கரையான் தாங்குறது வேறங்கம்மா" என்றார் ஆசாரி. அவர் சொன்னபடி சிங்க் அடியில் மரமே வைக்கவில்லை. கடப்பா கல் தட்டு, பி.வி.சி. போர்டு கதவு. அந்த போர்டைக் கரையான் தொடாது, ஆனால் அடுப்பு அனலுக்கு வளையும், நீளத் தட்டாகப் போட்டால் தொய்யும். அதனால் மற்ற கீழ்க்கதவுகளுக்கு 710, தண்ணீர் படாத மேல் அலமாரிக்கு 303. எல்லாவற்றையும் தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்கிவிட்டோம். மேலே மிச்சம் பிடித்த பணம் கீழே சரியாகப் போனது.

கொட்டேஷனில் கம்பெனிப் பெயர், 303 அல்லது 710, 18 எம்.எம்., எத்தனை ஷீட் என்று எழுதி வாங்கினாள் நாத்தனார். எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று 32 சதுர அடி. வண்டியில் வந்து இறங்கியதும் எண்ணிப் பார்த்து, முத்திரையை போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் அறுக்க விட்டாள். அறுத்த ஓரங்களை மூடாமல் விட்டால் தண்ணீர் அங்கேதான் முதலில் ஏறும் என்பதால், கதவை மாட்டும் முன் நாலு ஓரத்தையும் பட்டை ஒட்டி அடைக்கச் சொன்னாள்.

- ஒரு வாசகி, சேலம்