பல்லாங்குழிப் பலகையில் அம்மாவின் கதை

மழை பொய்த்தால் மல்லியும் கம்பும் கருகிப்போகும் மானாவாரி பூமி, அருப்புக்கோட்டை பக்கத்து எம்.ரெட்டியபட்டி வட்டாரம். வயசுக்கு வந்ததும் நின்ற படிப்பு, விவரம் தெரியுமுன் முடிந்த கல்யாணம், குடித்துவிட்டு வந்த புருஷனிடம் வாங்கிய அடி என எத்தனையோ பாடுகளை இங்குள்ள அம்மாக்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை. மகள் கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்குடி?" என்று பேச்சு முடிந்துவிடும். ஆனால், அருப்புக்கோட்டை கல்லூரியிலிருந்து மகள் வர அரைமணி நேரம் பிந்தினால் அம்மா போடும் சத்தத்தில் அந்தப் பழைய பயம் முழுதாக வெளிப்படும். காரணம் தெரியாமலே மகளும் அதைச் சுமக்கத் தொடங்குகிறாள்.

இப்படிச் சுமை கைமாறுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. நாஜிகளின் யூதப் படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகளை அமெரிக்காவில் ஆராய்ந்தவர் ரேச்சல் யெஹுதா. பெற்றோர் பட்ட துயரத்தின் தடயங்கள் அடுத்த தலைமுறையிலும் தென்படுவதை அவர் எழுதியிருக்கிறார். உடல்வழி வருவது எவ்வளவு, வளர்ப்பில் வருவது எவ்வளவு என்ற விவாதம் தொடர்கிறது.

பேச முடியாததை விளையாட்டு பேசவைக்கும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா' வீடியோ கேமில், கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், தன் அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேட்டை வைத்துச் சமைக்கிறாள். அழிந்துபோன வரிகளை ஆடுபவர்தான் ஊகித்து நிரப்ப வேண்டும். அந்தச் சமையலின் ஊடே, தமிழை விட்டு விலகும் மகனுக்கும் அவளுக்குமான மனத்தாங்கலும் விரிகிறது. 2024-ல் இது சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருதை வென்றது.

நம் வீடுகளுக்குக் கணினி தேவையில்லை, பல்லாங்குழி போதும். சமமாகத் தொடங்கி ஒருவர் எல்லாவற்றையும் இழப்பதில் முடியும் ஆட்டம் இது என்று விளக்கியவர் பண்பாட்டு ஆய்வாளர் தொ.பரமசிவன். இழந்ததைப் பேச இதைவிடப் பொருத்தமான பலகை ஏது? கையும் கண்ணும் புளியங்கொட்டையில் இருப்பதால், முகம் பார்த்துச் சொல்லக் கூசுவதையும் சொல்லிவிடலாம்.

வெறுங்குழியைத் தடவி அடுத்த குழியை அள்ளுகிறவர் ஒரு கேள்வி கேட்கட்டும். "என் வயசுல நீ எதுக்கும்மா பயந்த?" என்பதுபோல் எளிதாகத் தொடங்கலாம். சொல்ல விருப்பமில்லை என்றால் ஆட்டம் நகர வேண்டும். வற்புறுத்தவோ தீர்ப்புச் சொல்லவோ கூடாது. அம்மாவும் மகளைக் கேட்கலாம்.

மகளிர் குழுக்களும் பள்ளி ஆசிரியைகளும் இதை முன்னெடுக்க வேண்டும். ஆட்டத்தால் ஆற்ற முடியாத காயங்களும் உண்டு. பேசப்பேச அழுகையும் தூக்கமின்மையும் கூடினால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐ அழையுங்கள். எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம்.