பீங்கானும் மின்கம்பியும்

ஜோகுபாளையத்துத் தெருவில் நின்று மின்கம்பத்தை அண்ணாந்து பாருங்கள். கம்பிகளைத் தாங்கும் குமிழ்கள் சில கம்பங்களில் தென்படும். அவற்றுக்கு மின்காப்பான் என்று பெயர். அவற்றுள் பல பீங்கானால் ஆனவை. வீட்டிலுள்ள தேநீர்க் கோப்பையும் அவையும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

மண்பானையில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே நீர் கசியும். பீங்கானில் நீர் கசியாது. வெண்களிமண், குவார்ட்சு, பெல்ஸ்பார் ஆகியவற்றின் பொடிகளை நீர்விட்டுக் குழைத்து, உருவம் கொடுத்து உலர்த்திச் சூளையில் ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடுவர். பெல்ஸ்பார் உருகி நுண்துளைகளை அடைத்துவிடும். அதனால் அது கண்ணாடிபோல் இறுகுகிறது, மின்சாரத்தையும் கடத்துவதில்லை.

இக்கலையை முதலில் கண்டவர்கள் சீனர்கள். அவர்கள் செய்த கலங்கள் கடல் கடந்து சென்றன. இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்திலும் பழைய சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்துள்ளன. ஆனால், செய்முறை மட்டும் ஐரோப்பியருக்கு நெடுங்காலம் விளங்கவில்லை. ஜெர்மனியின் மைசென் நகரில் 1710ஆம் ஆண்டு பீங்கான் ஆலை தோன்றியது. இங்கிலாந்தில் 1740களில் செல்சி, போ ஆகிய இடங்களில் ஆலைகள் எழுந்தன. தக்க வெண்களிமண் கிட்டாத நிலையில், போ ஆலையினர் எலும்புச் சாம்பலைக் கலந்து பார்த்தனர். பின்னர் வில்லியம் குக்வொர்தி என்னும் மருந்தாளர் கார்ன்வால் பகுதியில் உரிய மண்ணைக் கண்டறிந்து, 1768இல் காப்புரிமை பெற்றார்.

மைசூர் நாட்டில் பீங்கானின் தேவை வேறு வழியில் பிறந்தது. சிவசமுத்திர அருவியின் மின்சாரம் 1902இல் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலை அடைந்தது. அச்சுரங்கங்களில் உழைத்தவருள் தமிழர் பலர். 1905இல் பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. கம்பிகள் பெருகப் பெருக மின்காப்பான்களும் பெருகவேண்டியிருந்தன. 1932இல் மைசூர் அரசு, பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்துக்கு அருகில் பீங்கான் தொழிற்சாலையை நிறுவியது. 1976இல் அது பாரத மிகுமின் நிறுவனத்தின் பிரிவாயிற்று.

கோப்பையில் விரிசல் விழுந்தால் தேநீர்தான் கசியும். மின்காப்பானில் விரிசல் விழுந்தால் அதில் மழைநீர் புகும். மின்சாரம் கம்பத்தில் பாய்ந்து, தொட்டவர் உயிரையே பறிக்கக்கூடும். ஆகவே, மண்ணைக் குழைப்பவரும் சூளையைக் காப்பவரும் முகம் அறியாத பலரின் உயிரைக் காக்கின்றனர். மழைநாளில் மின்கம்பத்தைத் தொடாதிருப்பது நம் கடமை.