கதிர்வீச்சுக்குப் பிந்தைய தாடையெலும்பு நசிவும் உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சையும்

வடசென்னையின் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் துறைமுகத்தையும் ஆலைகளையும் சார்ந்து வாழும் உழைப்பாளரிடையே வெற்றிலையோடு புகையிலை போடுவதும் மாவா அடக்குவதும் வேரூன்றிய பழக்கங்களாகும். குட்கா, பான்மசாலா ஆகியவை தமிழகத்தில் 2013ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்ட பின்னரும் இவை மறையவில்லை. இப்பழக்கங்கள் தோற்றுவிக்கும் வாய்ப்புற்றுக்கு அறுவையும் கதிர்வீச்சும் சிகிச்சைகளாக அளிக்கப்படுகின்றன. புற்று நீங்கிச் சில மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின், சிலருக்கு ஈறு பிளந்து தாடையெலும்பு வெளித்தெரிகிறது. மூன்று மாதங்களுக்கு மேலாகியும் அது மூடாதிருப்பின், புற்று திரும்பவில்லை என்று உறுதிசெய்தபின், கதிர்வீச்சால் விளைந்த எலும்பு நசிவாகக் கொள்வர்.

இதனை ‘எலும்பழுகல்’ என்று கூறுவது பொருந்தாது. அழுகல் என்னும் சொல் கிருமியையே முதற்காரணமாக நினைக்கச் செய்யும். மருத்துவ உலகும் நெடுங்காலம் அவ்வாறே கருதியது. 1983இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் இக்கருத்தை மறுத்தார். கதிர்வீச்சு நுண்குருதிக் குழாய்களைச் சிதைக்கிறது. அதனால் ஆக்சிஜனும் உயிரணுக்களும் குறைந்த எலும்பு தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் ஆற்றலை இழக்கிறது. கிருமிகள் பின்னர் வந்து குடியேறுபவையே என்பது அவர்தம் விளக்கம். பெரிதும் ஒரே தமனியைச் சார்ந்துள்ள கீழ்த்தாடை மேல்தாடையைவிட மிகுதியாகப் பாதிக்கப்படுவதற்கும் இது காரணம் கூறுகிறது.

உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை இவ்விளக்கத்திலிருந்தே வலுப்பெற்றது. நோயாளி மூடிய கலத்தினுள் ஏறத்தாழ 2.4 வளிமண்டல அழுத்தத்தில், நாளொன்றுக்கு 90 நிமிடம் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார். கடலில் 14 மீட்டர் ஆழத்தில் மூழ்கியவர் உணரும் அழுத்தம் அது. இயல்புநிலையிலேயே ஹீமோகுளோபின் ஏறக்குறைய நிறைந்திருப்பதால், மிகுதியான ஆக்சிஜன் குருதிநீரில் கரைந்து நலிந்த திசுவை அடைந்து புதிய நுண்குழாய்கள் முளைக்கத் தூண்டுகிறது. மார்க்ஸின் நெறிமுறைப்படி அறுவைக்கு முன் 30 அமர்வுகள், பின் 10 அமர்வுகள்.

கோட்பாடு தெளிவானது, சான்றுகளோ முரண்படுகின்றன. 1985இல் மார்க்ஸ் குழுவினர் கதிர்வீச்சு பெற்றோர்க்குப் பல் பிடுங்கியபோது, பெனிசிலின் பெற்றவருள் 29.9 விழுக்காட்டினருக்கும் ஆக்சிஜன் பெற்றவருள் 5.4 விழுக்காட்டினருக்கும் நசிவு கண்டதாக அறிவித்தனர். 2004இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், நசிவு ஏற்பட்டுவிட்டவர்க்கு இச்சிகிச்சை பயன் தரவில்லை. தடுப்புப் பயனை ஆராய்ந்து 2019இல் வெளியான பிரிட்டானிய ஆய்வில் ஆக்சிஜன் பெற்றோரிடம் 6.4, பெறாதோரிடம் 5.7 விழுக்காடு. ஆகவே அனைவருக்கும் இதனைப் பரிந்துரைப்பதற்கு இன்று அடிப்படையில்லை எனலாம்.

நாட்கூலியை நம்பும் ஒருவர்க்கு 40 அமர்வுகள் என்பது 40 நாள் வேலையிழப்பு. இங்குக் கூடுதல் கவனம் பெறவேண்டியது பல்லே. பழுதுற்ற பற்களைக் கதிர்வீச்சு தொடங்குவதற்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே அகற்றினால் காயம் ஆற இடமுண்டு. இப்பகுதியினர்க்கு ஸ்டான்லி மருத்துவமனையும் கோட்டை இரயில் நிலையத்தருகே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியும் எட்டும் தொலைவிலேயே உள்ளன. சிகிச்சை முடிந்து பல்லாண்டுகள் ஆனபின்னும், பல்வலிக்காகத் தெருமுனை மருத்துவரிடம் செல்பவர், தாடையின் எப்பக்கம் எத்தனை கிரே கதிர்வீச்சு பெற்றது என்னும் குறிப்பைக் கையோடு கொண்டுசெல்வது இன்றியமையாதது. 60 கிரேக்கு மேற்பட்ட இடத்தில் பல் பிடுங்குவது எளிய செயலன்று.