ஆபீஸ் கழித்துவிட்ட பெட்டியில் ஒரு கேமிங் பிசி

பெங்களூரில் ஏதோ ஒரு ஐடி கம்பெனி தன் டெஸ்க்டாப்களை மொத்தமாக மாற்றுகிறது என்றால், பழைய பெட்டிகள் ஏலத்தில் கைமாறி, கொஞ்ச நாளில் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் ஆளுயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். டவுன் ஹாலை ஒட்டிய அந்தத் தெரு, ஓசூரை ஒட்டிய தமிழக எல்லை ஊரான ஜூஜுவாடியிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்தான். சென்னை ரிச்சி தெருவுக்குப் போக 300 கிலோமீட்டர் தாண்ட வேண்டும். ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டு, கேம் ஆட ஒரு மெஷின் வாங்கச் சம்பளத்தில் மாதாமாதம் ஒதுக்கிவைக்கும் இளைஞனுக்குக் கடைத்தெரு கர்நாடகத்தில்தான் இருக்கிறது.

எல்லை தாண்டுவதால் வரியில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 2017 ஜூலைக்கு முன் இரண்டு மாநிலங்களுக்கும் தனித்தனி வாட் வரி. இப்போது கம்ப்யூட்டர் உதிரிகளுக்கு இரு பக்கமும் 18 சதவீத ஜிஎஸ்டி. "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்ற பேச்சுக்கு மட்டும் தலையாட்டக் கூடாது. நாளைக்கு வாரன்டி கேட்டுப் போனால் முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.

40,000 ரூபாய் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதுசாக அசெம்பிள் செய்வதற்குப் பல நாளாகச் சொல்லப்பட்டுவரும் கூட்டணி ஒன்று உண்டு: இன்டெல் ஐ3-12100எஃப், எச்610 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டு. 1080பி திரைக்கு இது இன்றைக்கும் நல்ல ஜோடிதான். ஆனால் 2025 கடைசியில் கணக்கு உதைத்துவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்ப, கடையில் ராம் விலை மளமளவென ஏறியது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று உலகத்துக்கே பெரிய தயாரிப்பாளர்கள் மூன்று பேர்தான். அதில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு ராம் விற்பதையே நிறுத்தப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது.

இந்த நிலையில்தான் ஆபீஸ் பெட்டிக்கு மவுசு. பிராசசர், போர்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட்டோடு ராமும் உள்ளேயே வந்துவிடுகிறது. மிச்சப் பணத்தில் பெரும்பகுதியை கிராஃபிக்ஸ் கார்டில் போடலாம். ஆனால் எந்தப் பெட்டி என்பதில்தான் சூட்சுமம்.

முதலில் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, விதிவிலக்குகள் சில போக, இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பெட்டிகளைக் கம்பெனிகள் கழித்துக்கட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். "ஐ7 சார், கேமிங் பிசி சார்" என்று கடைக்காரர் காட்டும் மலிவான பெட்டி பெரும்பாலும் அந்த ரகம். ஐ7-6700 நாலு கோர். ஐ5-8500 ஆறு கோர். பெயரில் ஏழு இருப்பதால் உசத்தி ஆகிவிடாது. வேலரன்ட் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: விண்டோஸ் 11-இல் அந்த கேம் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டையும் கேட்கும். இல்லையென்றால் உள்ளேயே விடாது.

அடுத்து உருவம். ஒரே மாடல் பெயரில் மூன்று அளவுகள் வரும். கைக்கு அடங்கும் குட்டிப் பெட்டியில் கார்டு போடவே முடியாது. ஒல்லிப் பெட்டியில் அரை உயரக் கார்டுதான் நுழையும். அது கிடைப்பது குறைவு, விலையும் கூடுதல். டவர் வாங்குங்கள். பத்து நிமிடம் கூடத் தேட வேண்டியிருந்தாலும் டவர்தான்.

டவரிலும் எஸ்எம்பிஎஸ் சொந்த வடிவம். டெல்லும் எச்பியும் வழக்கமான 24 பின் கனெக்டரை விட்டுவிட்டுத் தங்களுக்கென்று ஒன்றை வைத்திருப்பதால், கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை நேராக மாட்ட முடியாது. கம்பெனி கொடுத்தது பல மாடல்களில் 300 வாட்டுக்கும் கீழே. கார்டுக்குத் தனி பவர் கேபிளும் அநேகமாக இருக்காது. மதர்போர்டு ஸ்லாட் தன்னளவில் 75 வாட் கொடுக்கும். அந்த 75-க்குள் அடங்கும் கார்டுதான் இந்தப் பெட்டிக்கு ஒத்துவரும்.

அப்படிப்பட்டவற்றில் கவனிக்க வேண்டியவை இரண்டு. 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650, 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050. இரண்டாவது 70 வாட்தான் இழுக்கும். நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் இதே 3050 பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் இருக்கிறது. அது 130 வாட், தனி கேபிள் கேட்கும். என்விடியா இப்படிப் பெயர் வைத்துப் படுத்தும் பாட்டுக்கு நாம்தான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படிக்க வேண்டியிருக்கிறது. 1650-இலும் சில மாடல்களில் ஆறு பின் கனெக்டர் இருக்கும், பார்த்து வாங்கவும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400-ஐயும் காட்டுவார்கள். அது நாலு லேன் மட்டுமே பயன்படுத்தும் கார்டு. இந்தப் பழைய போர்டுகளின் பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-வில் அதன் வேகம் அடிவாங்கும்.

கார்டும் செகண்ட் ஹேண்ட் என்றால் ஒரு பென் டிரைவில் ஜிபியு-இசட் மென்பொருளை எடுத்துப் போங்கள். பத்து வருடம் பழைய சிப்பின் பயாஸை மாற்றி, 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் மோசடி இன்னும் ஓயவில்லை. ஜிபியு-இசட் அதைப் பெரும்பாலும் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் கிரிப்டோ நாணயம் மைனிங் தேவையில்லாத முறைக்கு மாறியபோது மைனிங்கில் உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்து குவிந்தன. கடையிலேயே கால் மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் பார்த்தால் அந்தப் பயம் பாதி தீரும்.

பெட்டிக்குள் ஒரே 16 ஜிபி ராம் குச்சி இருந்தால், அதைக் கொடுத்து 8 ஜிபி இரண்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இரட்டைச் சேனலில் கேம்களின் தடுமாற்றம் குறையும். ஹார்டு டிஸ்க்கோடு வந்தால் எஸ்எஸ்டி கட்டாயம். கண்ணாடிக் கேபினெட், கலர் லைட், ஆர்ஜிபி ஃபேன் எல்லாம் காசு மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்; மிஞ்சாது.

கரன்ட்டைப் பொறுத்தவரை இந்த வழியில் ஒரு சவுகரியம். 600 விஏ யுபிஎஸ் என்றால் கிடைப்பது சுமார் 360 வாட். புது அசெம்பிள் மெஷின் மானிட்டரோடு சேர்ந்து முழு வேகத்தில் ஓடினால் அந்த எல்லையை நெருங்கும். ஆபீஸ் டவரும் 70 வாட் கார்டும் அதில் தாராளமாக அடங்கும்.

பெரிய கதைக் கேம்களை உச்ச செட்டிங்கில் ஆட வேண்டும் என்பவருக்கு இந்தப் பெட்டி சரிவராது. அவர் இன்னும் சில மாதச் சம்பளம் சேர்த்துப் புதுசுக்கே போகட்டும். வேலரன்ட், சிஎஸ் 2, ஜிடிஏ 5 போதும் என்பவர் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து, வீக்லி ஆஃப் கிடைக்கும் ஒரு வார நாளில் எஸ்.பி. ரோடு போவது நல்லது. அன்றைக்குக் கடைக்காரருக்கும் பெட்டியைத் திறந்து காட்ட நேரம் இருக்கும்.